ஒரே கட்டை, மூன்று வயது

தை பிறந்து சில கிழமைகள் கழித்து, கொழும்பிலிருந்து புத்தளம் போகும் ஏ3 வீதியில் வென்னப்புவவைத் தாண்டிச் செல்கிறவர் வேலிகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். யாரும் வெட்டாமல் நின்றுவிட்ட சீமைக்கிளுவையில் ஓர் இலைகூட இருக்காது. கொப்பு முழுக்க இளஞ்சிவப்புப் பூ. அதே வேலிக்கு உட்புறம், தென்னை நிரைகளுக்கு நடுவே, மழைக்காலத்தில் கத்தி பட்ட சீமைக்கிளுவைகள் இடுப்பளவு உயரக் கட்டைகளிலிருந்து கொத்துக் கொத்தாகப் பச்சைக் கொப்புகளை விட்டு நிற்கும். அவற்றில் பூவைத் தேடினாலும் கிடைக்காது.

இரண்டும் ஒரே இனம். ஒரே மண், ஒரே மழை. இரண்டையும் ஒரே ஆண்டில் ஒருவரே நட்டிருக்கவும் கூடும். ஆனாலும் ஒன்று இலையுதிர்த்துப் பூத்து நிற்கிறது. மற்றது வெயில் ஏறும் மாதத்திலும் தழைத்து நிற்கிறது. மரத்தின் வயது ஒன்றாக இருந்தாலும் அதன் மேல் நிற்கும் கொப்பின் வயது வேறு என்பதே காரணம். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இந்த மரத்தை வளர்ப்பவர்களின் தொழில் நுட்பம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

சீமைக்கிளுவை என்ற பெயரே அது வந்தேறிய மரம் என்று சொல்லிவிடுகிறது. மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். தாவரவியலில் அதற்குக் கிளிரிசிடியா செப்பியம் என்று பெயர். தமிழ்நாட்டு விவசாயிகள் கிளைரிசிடியா என்றே சொல்கிறார்கள். சிங்களத்தில் வெட்டமாற, கினிசீரியா, லடப்பா, நஞ்சி என்று ஊருக்கு ஒரு பெயர். ‘வெட்ட’ என்றால் வேலி. யாழ்ப்பாணத்திலும் இது வேலிக் கதியாலாகத்தான், அதாவது வெட்டி நட்டால் வேர்விடும் தடியாகத்தான் அறிமுகம். பூவரசோடும் முள்முருக்கோடும் வரிசையில் நிற்கும், ஆண்டுக்கொரு முறை குழை வெட்டுப்படும். இப்படி வேலியோரத்தில் நின்ற மரத்தை இலங்கை அரசு 2005இல் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. இலை பசளைக்கும் தீவனத்துக்கும், தடி விறகுக்கும் மின் உற்பத்திக்கும் என்பது அந்த அறிவிப்பின் பின்னிருந்த எண்ணம்.

குளிர்நாடுகளில் இதே இடத்தைப் பிடித்திருக்கும் மரம் வில்லோ. கிரிக்கெட் துடுப்பாட்ட மட்டை செய்யும் மரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மட்டைக்கான வில்லோவை 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஒரே தண்டாக வளர்ப்பார்கள். கூடை முடைகிறவர்கள் வேறொரு வில்லோவை ஆண்டுதோறும் தரையோடு வெட்டி, அந்த ஒரே ஆண்டில் வளர்ந்த மெல்லிய கொம்புகளை எடுப்பார்கள். சுவீடனிலும் பிரித்தானியாவிலும் எரிபொருளுக்காக நடும் வில்லோவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அறுவடை செய்கிறார்கள். ஒரு சாண் அளவுக் குச்சியை நிலத்தில் செருகி, முதல் ஆண்டு வளர்ந்ததை அந்தக் குளிர்காலத்திலேயே தரையோடு வெட்டிவிடுவார்கள். ஒற்றைக் குச்சி நின்ற இடத்தில் மறு வசந்தத்தில் பல கொம்புகள் கிளம்பும். அந்தக் கட்டை இருபது ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரும். ஓராண்டுக் கொம்பு கூடைக்கு, மூவாண்டுக் கொம்பு உலைக்கு, இருபதாண்டுத் தண்டு மட்டைக்கு. எந்த வயதில் வெட்டுகிறோம் என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

புத்தளத்தில் இந்தக் கணக்கு இன்னும் வேகமாக ஓடுகிறது. இரண்டு மூன்று மாதக் கொப்பு இளந்தழை. பசளைக்கும் ஆட்டுக்கும் அதுவே நல்லது. ஓராண்டை நெருங்கிய கொப்பு விறகு. அதற்கும் முற்றி, பட்டை பழுப்புப் பச்சையாக மாறி, கைத்தடியைவிடத் தடித்தது கதியால், நட்டால் வேர்விடும். மூன்றையும் ஒரே கட்டையிலிருந்து எடுக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. இலைக்காக அடிக்கடி வெட்டினால் விறகு இல்லை. விறகுக்கு விட்டால் இலை முற்றிப்போகும். கதியாலுக்கு விட்டால் கோடையில் இலை உதிர்ந்து பூக்கத் தொடங்கிவிடும்.

வெட்டிய கட்டை மறுபடி தழைப்பது எப்படி? சீமைக்கிளுவையின் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் நிறைய உண்டு. கொப்பின் நுனியில் வளரும் குருத்து ஆக்சின் என்னும் ஊக்குநீரைக் கீழே அனுப்பியபடி இருக்கும். அது இறங்கி வந்துகொண்டிருக்கும் வரை கீழ் மொட்டுகள் கண் திறக்காது. கத்தி நுனியை எடுத்தவுடன் அந்தத் தடை நீங்குகிறது. வெட்டுவாய்க்குக் கீழே பல மொட்டுகள் ஒன்றாகத் துளிர்க்கின்றன. ஒளியைப் பிடித்து உணவு செய்ய அப்போது மரத்தில் இலை ஏது? முதற் சில கிழமைகள் துளிர்கள் உண்பதெல்லாம் அடிக்கட்டையும் வேரும் சேமித்து வைத்த மாச்சத்தைத்தான். துளிர் இலையாகி, இலை உழைத்து, செலவான மாச்சத்தை வேருக்குத் திருப்பிக் கொடுக்க மேலும் பல கிழமைகள் ஆகும். அந்தக் கடன் அடைபடுமுன் மறுபடி வெட்டினால் அடுத்த தழை மெலிந்து வரும். விடாமல் அப்படியே செய்தால் கட்டை பட்டுப்போகும்.

நிலத்துக்கடியிலும் ஒரு மாற்றம் நடக்கிறது. சீமைக்கிளுவை அவரைக் குடும்பத்து மரம். வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருகின்றன. கூலியாக மரம் அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. தழை முழுவதையும் வெட்டியெடுத்தால் சர்க்கரை வரவு நின்றுபோய், முடிச்சுகளில் பெரும்பகுதியும் மெல்லிய வேர்களும் அழுகி மண்ணோடு சேரும். புதிய இலைகள் வந்த பிறகு புதிய முடிச்சுகள் உண்டாகும். ஆக ஒவ்வொரு வெட்டும் மண்ணுக்கு மேலே ஒரு பங்கும் கீழே ஒரு பங்குமாகப் பசளை தருகிறது.

இனி பருவம். வில்லோவுக்கு நாளின் நீளம்தான் கடிகாரம். தென் சுவீடனில் கோடையில் பகல் 17 மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலத்தில் 7 மணி நேரத்துக்குச் சுருங்கும். பகல் குறையத் தொடங்கியதும் வில்லோ நுனி வளர்ச்சியை நிறுத்தி, மொட்டை மூடிக்கொள்ளும். புத்தளம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் கிடக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைக்கூட எட்டாது. குளிரும் கிடையாது. ஆகவே இங்கே கொப்பின் வளர்ச்சியைத் திறப்பதும் மூடுவதும் மழைதான்.

இந்தக் கரைக்கு மழை இரண்டு தடவையாக வருகிறது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெரும்போக மழை. சித்திரையை ஒட்டி ஒரு சிறு மழை. ஆனியிலிருந்து ஆவணி கடந்து புரட்டாதி வரை சோளகக் காற்று ஓயாமல் அடிக்கும், மழை இராது. கற்பிட்டியில் காற்றாடி கட்டிக் கடலில் சறுக்கும் வெளிநாட்டவர் கூடுவது அந்தக் காற்றுக்காகத்தான். ஆண்டுக்கு 1,750 மில்லிமீட்டருக்குக் குறைவான மழை பெறும் நிலத்தை இலங்கையில் உலர் வலயம் என்பார்கள். புத்தளம் நகரமும் கற்பிட்டியும் அதற்குள் ஆழக் கிடக்கின்றன. தெற்கே லுணுவில, நாத்தாண்டிப் பக்கம் இடை வலயம். ஈரம் சற்றுக் கூடுதல். ஒரே மாவட்டத்தின் கரையில் வடக்கிலிருந்து தெற்கே இறங்க இறங்கக் கொப்பு வளரும் காலமும் நீள்கிறது.

ஐப்பசி முதல் மழையோடு வெட்டிய கட்டை இரண்டொரு கிழமையில் துளிர்க்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்திருக்கும் கார்த்திகையில் அதன் ஓட்டம் முழு வேகம் எடுக்கும். நல்ல மண்ணும் ஈரமும் வாய்த்தால் விதையிலிருந்து முளைத்த கன்றே ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் 3 மீட்டர் வரை உயரக்கூடிய இனம் இது. வேரூன்றிய கட்டையில் எழும் கொப்புக்குச் சொல்லவே வேண்டாம். தையில் மழை விலகும்போது பாதைகள் பிரிகின்றன. மழைக்காலத்தின் பிற்பகுதியில் வெட்டுப்பட்ட கட்டையின் இளங்கொப்புகள் கோடையிலும் இலையைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன. முந்திய ஆண்டிலிருந்து நிற்கும் முதிர்ந்த கொப்புகள் இலையை உதிர்த்துப் பூக்கின்றன. பூ காயாகி, காய் வெயிலில் காய்ந்து வெடித்து விதையை 20 மீட்டருக்கும் அப்பால் எறியும். வீதியோரத்தில் தையில் கண்ட விநோதத்தின் முழுக்கதையும் இதுதான். பூ வேண்டுமானால் கொப்பை முதிரவிட வேண்டும். கோடையில் பச்சை வேண்டுமானால் மழை தீருமுன் வெட்ட வேண்டும்.

கொப்பின் வயதுக்குப் பிறகு கட்டையின் வயது. கதியாலாக நட்டது முதல் ஆண்டில் மேலே காட்டுவது கொஞ்சம்தான். வேர்விடுவதே அதற்குப் பெரும்பாடு. தழைத்துவிட்டதே என்று ஆறு மாதத்தில் கத்தி வைப்பவர்கள் பின்னால் வருந்துவார்கள். ஓராண்டு பொறுத்து முதல் வெட்டு வெட்டினால் இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் கட்டை தடித்து, வெட்டுவாயைச் சுற்றித் துளிர்க்கும் கொப்புகளின் எண்ணிக்கை கூடி, தழை பெருகும். வில்லோவிலும் முதல் சுற்று அறுவடையைவிட அடுத்த சுற்றுகளே அதிகம் தருகின்றன. பிறகு பல ஆண்டுகள் விளைச்சல் நிலையாக நிற்கும். முதுமை பெரும்பாலும் வெட்டுவாய் வழியாகத்தான் வருகிறது. மழுங்கிய கத்தியால் பிளந்த கட்டையில் நீர் தேங்கி, உளுத்து, உள்ளே பொந்து விழும். சரிவாக ஒரே வீச்சில் வெட்டப்பட்ட கட்டைக்கு ஆயுள் கூடும்.

பிறப்பும் கணக்கில் சேரும். கதியாலிலிருந்து வந்த மரத்தின் வேர் மேலோட்டமாகப் பக்கவாட்டில் படரும். விதையிலிருந்து வந்தது ஆழ இறங்கும். கற்பிட்டியின் மணலில், சோளகம் அடிக்கும் இடத்தில், நீண்ட கோடையைத் தாங்குவதில் விதைக்கன்று முந்தும். வேலிக்கோ கதியால்தான் வசதி. நட்ட அன்றே வேலி நின்றுவிடுகிறது.

மூன்றாவதாக ஒரு வயதும் உண்டு. அது தலைக்கு மேலே நிற்கும் தென்னையின் வயது. தென்னங்கன்று 8 வயது ஆகும்வரை தோட்டத்தில் வெயில் தாராளம். 8 முதல் 25 வயது வரை ஓலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிழலை அடர்த்தியாக்கும். 25 வயதுக்கு மேல் தண்டு உயர்ந்து, முடி சிறுத்து, மறுபடி ஒளி சாய்வாகக் கீழே இறங்கும். நடுவயதுத் தோப்பில் நட்ட சீமைக்கிளுவை ஒளிக்கு ஏங்கி மெலிந்து நீளும், இலை குறையும். அதனால் இளந்தோப்பிலும் முதிர்ந்த தோப்பிலும் ஊடுபயிராகவும், நடுவயதுத் தோப்பில் எல்லை வேலியிலும் வைப்பது பொருத்தம்.

தென்னையும் இந்த மரமும் இந்த மாவட்டத்தில் சேர்ந்தே பேசப்படுவது தற்செயல் இல்லை. இலங்கையின் தெங்கு முக்கோணம் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களை இணைக்கிறது. 1929இல் தெங்கு ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் புத்தளம் மாவட்டத்து லுணுவிலயில், பண்டிரிப்புவத் தோட்டத்தில் இருக்கிறது. தென்னந்தோட்டத்தில் சீமைக்கிளுவையைப் பசளைக்கும் விறகுக்கும் வளர்க்கும் முறையை விவசாயிகளுக்கு நீண்ட காலமாக எடுத்துச் சொல்லி வரும் நிறுவனம் அது.

தென்னைக்கு இந்தத் தழை எவ்வளவு உதவும் என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 800 கிராம் யூரியா இடுகிறார்கள். அதிலுள்ள நைதரசன் ஏறக்குறைய 370 கிராம். சீமைக்கிளுவைப் பச்சைத் தழையில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் என்று கொண்டால், 50 கிலோத் தழை 10 கிலோ உலர்பொருள் தரும். உலர் இலையில் நைதரசன் 3 முதல் 4 சதவீதம். ஆக 300 முதல் 400 கிராம் வரை தழையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. தென்னையை 8 மீட்டர் இடைவெளியில் நட்டு, இரண்டு நிரைகளுக்கு நடுவே மீட்டருக்கு ஒன்றாக இரட்டை வரிசையில் சீமைக்கிளுவை வைத்தால், ஒரு தென்னையின் பங்குக்கு 16 கட்டைகள் வரும். ஆண்டுக்கு மூன்று வெட்டு என்றால் ஒரு கட்டையிலிருந்து வெட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தழை கிடைத்தால் போதும். நன்கு வேரூன்றிய கட்டை இதைச் சிரமமின்றிக் கொடுக்கும். பொட்டாசியத்தைத்தான் தழை முழுவதுமாக ஈடுசெய்யாது. அதை வெளியிலிருந்து இட்டே ஆக வேண்டும்.

கடலுக்கு மறுகரையிலும் இதே கணக்கைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கேரளத்தின் காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், கரையோர மணலில் தென்னைக்கு ஊடாகச் சீமைக்கிளுவை வளர்த்தால் தென்னைக்குத் தேவையான நைதரசனில் 90 சதவீதமும் பொசுபரசில் 25 சதவீதமும் பொட்டாசியத்தில் 15 சதவீதமும் தழையாகக் கிடைக்கும் என்கிறது. பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என மூன்று வெட்டு அங்கே பரிந்துரை. அந்த நாட்காட்டியை அப்படியே பெயர்த்துப் புத்தளத்துக்குக் கொண்டுவருவது ஆபத்து. காசர்கோட்டில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். புத்தளத்தில் ஜூன் என்பது நீண்ட வரட்சியின் வாசல். அப்போது வெட்டிய கட்டை சேமிப்பைச் செலவழித்துத் துளிர்விடும். துளிரை வளர்க்க மண்ணில் ஈரம் இராது. வெட்டிப் போட்ட தழையும் மக்காமல் சருகாகிக் காற்றோடு போகும்.

இந்தக் கரையின் மழையோடு பொருத்திப் பார்த்தால் வரிசை வேறு விதமாக அமைகிறது. முதல் வெட்டு ஐப்பசியில், மழை மண்ணை நனைத்த பிறகு. தழையைத் தென்னையடியில் ஐந்தாறு அடி வட்டத்துக்குள் பரப்பினால் ஈரத்தில் சில கிழமைகளிலேயே மக்கிவிடும். இரண்டாவது மார்கழிக் கடைசியில், ஈரம் இன்னும் இருக்கும்போது. கோடைக்குப் பச்சை நிற்கவைப்பது இந்த வெட்டுத்தான். மூன்றாவது சித்திரை மழையோடு. அதன்பின் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கத்தியைக் கூரையில் செருகிவிட வேண்டும். தீவனம் முடை வந்தால் கட்டைக்கு ஓரிரு கொப்பை விட்டுவைத்து மற்றதை எடுக்கலாம். விட்டுவைத்த கொப்பு வேருக்குச் சோறு போடும்.

தீவனத்திலும் ஒரு கவனம் உண்டு. இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல். ஆடுமாடுகளுக்கு அருமையான உணவு. கூமரின் என்னும் வேதிப்பொருளின் மணத்தால் பழக்கமில்லாத மாடு முதலில் முகத்தைத் திருப்பும். ஒரு நாள் வாடவைத்துக் கொடுத்துப் பழக்கினால் தின்னும். ஈரத்தில் பூசணம் பிடித்த தழையில் அந்தக் கூமரின் இரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சாக மாறக்கூடும். மத்திய அமெரிக்காவில் இந்த மரத்தின் இலையையும் பட்டையையும் தானியத்தோடு சேர்த்து எலிக்கு வைத்தார்கள். தாவரவியல் பெயரிலுள்ள கிளிரிசிடியாவுக்கே ‘எலிக்கொல்லி’ என்றுதான் பொருள். குதிரைக்கும் இது ஆகாது.

தழையின் அருமையை இலங்கை விவசாயிகள் 2021இல் கசப்பாக உணர்ந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்படும் வரை உரமின்றிப் பயிர்கள் வாடின. வேலியில் ஏற்கெனவே வேரூன்றிய கட்டை வைத்திருந்தவருக்குக் கையில் கொஞ்சமாவது இருந்தது. அன்று நடத் தொடங்கியவர் முதல் நல்ல வெட்டுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். பசளைத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாக வேண்டிய மரத்தைத் தட்டுப்பாடு வருமுன்னரே நட்டிருக்க வேண்டும் என்பதால், இந்த மரத்தைப் பற்றிய பேச்சு நெருக்கடிக் காலத்தோடு நின்றுவிடக் கூடாது.

கற்பிட்டிக் குடாநாட்டுக்கு இது குடிநீர் விடயமும்கூட. அங்கே மணலுக்கு அடியில் மிதக்கும் நன்னீரை நம்பித்தான் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. அதே நீரைத்தான் மக்கள் குடிக்கிறார்கள். மணலில் அள்ளிக் கொட்டும் யூரியா நீரோடு கீழே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையை அங்குள்ள பல கிணறுகள் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. தழை மக்கும்போது நைதரசன் சிறுகச் சிறுக வெளிவருகிறது. மணலுக்கு நீர் பிடிக்கும் திறனும் கூடுகிறது. அளவின்றிப் போட்டால் தழையின் நைதரசனும் கசியும். ஆனாலும் ஒரே நாளில் கரைந்து ஓடும் யூரியாவோடு அதை ஒப்பிட முடியாது.

அதே குடாநாட்டில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் லக்விஜய அனல்மின் நிலையம் நிற்கிறது. 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. அதற்கு நிலக்கரி கப்பலில் வருகிறது. சீமைக்கிளுவை விறகால் அந்த அளவை ஈடுசெய்ய முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. சிறிய அளவில் அது நடக்கிறது: திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் 10 மெகாவாட் உயிர்ப்பொருள் மின்நிலையத்தை நடத்துகிறது. வைக்காலைச் சுற்றியுள்ள ஓட்டுச் சூளைகளுக்கும் விறகு வேண்டும். மரத்தைக் கொல்லாமல் மறு ஆண்டே திரும்ப எடுக்கக்கூடிய விறகுக்கு இந்தக் கரையில் ஆள் தேட வேண்டியதில்லை.

புரட்டாதி முடிகிறது. சோளகம் தணிந்து, பின்னேரங்களில் கிழக்கே மேகம் கறுக்கிறது. மாதம்பைப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு ஆண்டு வெட்டாமல் விட்ட கொப்புகளை இப்போது இறக்குகிறார்கள். ஆளுயரத்துக்கு நறுக்கி, அடி எது நுனி எது என்று மாறிப்போகாமல் அடிப்பக்கத்தைச் சரிவாகச் சீவி, நிழலில் சுவரோடு சாத்தி வைக்கிறார்கள். ஒரு கிழமை, பத்து நாள் அப்படியே நிற்கும். வேரும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனாலும் சில கதியால்களின் பட்டையில் மொட்டு புடைத்து, மிளகளவு பச்சை எட்டிப் பார்க்கிறது. முதல் மழை விழுந்ததும் அலவாங்கால் குழி போட்டு நட வேண்டியதுதான். அவற்றுக்குக் கத்தி வைக்கும் நாள் அடுத்த ஐப்பசி.